கங்கைக் கரையில் ஒரு தூண்டில்

தூண்டில் பிடித்துப் பழக்கமில்லாத ஒருவர் தூண்டிலைப் பற்றிப் பேச வருவது சற்று வேடிக்கையாகவே தோன்றும். நம்முடைய தொழில் மொழிபெயர்ப்பு. தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், மேசையின் இடப்புறம் வந்து விழும் ஆங்கிலக் காகிதங்களைத் தமிழாக்கி வலப்புறம் அடுக்கி வைப்பதிலேயே இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. மீனுக்கும் நமக்கும் இருந்த உறவு தட்டோடு சரி. அப்படியிருக்க, சென்ற 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் கையில் ஒன்பதடிக் கோலுடன் கங்கையில் முழங்காலளவு நீரில் நாம் ஏன் நின்றோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அதற்குக் காரணம் ஒரு சொல். ஆற்று மீன்களைக் காப்பது பற்றிய சிறு வெளியீடு ஒன்று தமிழாக்கத்துக்கு வந்தது. அதில் ‘மஹ்சீர்’ என்ற மீனின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. நாமும் ‘மஹ்சீர்’ என்றே எழுதி, அடைப்புக்குள் ‘பெரிய கெண்டை வகை’ என்று சேர்த்து அனுப்பிவிட்டோம். அந்த நேரத்தில் நம் அறைக்கு வந்திருந்தார், நம் அலுவலகத்திலேயே பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கட்வால் மலைநாட்டுக்காரர். ஓய்வூதியம் பற்றிய ஏதோ காகிதத்துக்காக வந்தவர், மேசையில் கிடந்த மீன் படத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “இது எங்கள் ஆற்று மீன். உங்கள் காவிரியிலும் இதன் பெரிய அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவனை உங்கள் பாஷையில் என்னவென்று கூப்பிடுவீர்கள்?” என்று கேட்டார்.

நமக்குப் பதில் தெரியவில்லை. நாம் பிறந்து வளர்ந்தது பவானியாற்றங்கரை. நம் பாட்டனார் ஆற்றில் வலை போட்டவர்களுடன் நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர். அந்த மீனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு, சிறுவயதில் காதில் விழுந்ததும் உண்டு, ஆனால் அது நாவுக்கு வரவில்லை. சொல் விற்றுப் பிழைக்கிற ஒருவனுக்குத் தன் ஊர்ச் சொல் மறந்துபோயிற்று என்பது சிறிய அவமானமன்று. வெளிமாநிலங்களில் பல ஆண்டுகளாக வாழும் நேயர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. பெரியவர் நம் முகத்தைப் பார்த்தார். “சரி, பெயர் பிறகு வரட்டும். மீனை முதலில் பாருங்கள். மார்ச்சில் நான் ஊருக்குப் போகிறேன், வாருங்கள்” என்றார்.

மஹ்சீர் என்பது ஒரே மீனன்று; கெண்டை இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம். இமயமலை ஆறுகளில் வாழ்வது பொன்னிற மஹ்சீர். முதுகு கரும்பச்சை, விலாப்புறம் பழைய பொன், துடுப்புகளில் செம்மஞ்சள். காவிரி ஆற்றுத் தொகுதியில் வாழ்வது முதுகு திமிலெனப் புடைத்த மஹ்சீர். 1946-ஆம் ஆண்டில் கபினி ஆற்றில் மைசூர்வாசியான வான் இஞ்சன் தூண்டிலில் பிடித்த ஒன்று 120 இராத்தல் எடை, அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம் இருந்தது. இவ்வளவு பெயர் பெற்ற மீனுக்கு விஞ்ஞானப் பெயர் எது என்பதில் மட்டும் நெடுங்காலம் தெளிவில்லாதிருந்தது. காவிரியின் கிளையான பாம்பாற்றில் கண்டெடுத்து 2007-இல் பெயரிடப்பட்ட இனமே இதுவும் என்று 2018-இல்தான் ஆராய்ச்சியாளர் நிறுவினர். அதே ஆண்டில், அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வரிசையில் அது சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்ததும் ஆபத்துப் பட்டியலில் இடம் கிடைத்ததும் ஒன்றாக நடந்தன.

‘மஹ்சீர்’ என்ற சொல்லின் பிறப்பைப் பற்றியும் சண்டையுண்டு. ‘மகா சிரம்’, பெருந்தலை என்பார் சிலர். பாரசீகத்தில் ‘மாஹி’ என்றால் மீன், ‘ஷேர்’ என்றால் சிங்கம். ஆகவே மீன்களுள் சிங்கம் என்பார் வேறு சிலர். இரண்டும் பொருத்தமாகவே இருப்பதால் எதையும் நாம் நம்புவதில்லை. பொருத்தமாக இருப்பது உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்பது நம் தொழில் கற்றுத் தந்த பாடம்.

புறப்படுமுன் ஒரு மாதம், ராமகிருஷ்ணபுரத்தில் நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் கோல் வீசிப் பழகும்படி கட்டளையாயிற்று. பெரியவரே பழைய கோல் ஒன்றையும், நூல் சுற்றிய சக்கரம் ஒன்றையும், முள்ளில்லாத ஈயக் குண்டு ஒன்றையும் கொடுத்தனுப்பினார். கோலைத் தோளுக்குப் பின்னே கொண்டுபோய் முன்னே வீசுகையில், சரியான நொடியில் விரலை நூலிலிருந்து எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் குண்டு வானத்துக்குப் போகிறது. பிந்தி எடுத்தால் காலடியில் விழுகிறது. மூன்றாம் நாள் நம் குண்டு அண்டை வீட்டுப் போர்வையையும் அது உலர்ந்த கொடிக்கயிற்றையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. நம் மனைவி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “பிடிக்கிற மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் பிடிக்கப் போவானேன்?” இதற்கு அன்றைக்கு நம்மிடம் விடையில்லை. இன்றைக்கும் முழுவிடை இருப்பதாகச் சொல்லமாட்டோம்.

தில்லியிலிருந்து இரயிலில் கோட்துவார். அங்கிருந்து பேருந்து மலையேறி, குமகால் என்ற கணவாயைத் தாண்டிச் சத்புலிக்கு இறங்குகிறது. கிழக்கு நயார், மேற்கு நயார் என்ற இரண்டு ஆறுகள், தூதாதோலி மலைகளில் பிறந்து வந்து அந்த ஊருக்கருகே ஒன்றாகின்றன. 1951-இல் நயார் ஓரிரவில் பெருக்கெடுத்து, சத்புலியில் நின்றிருந்த பேருந்துகளையும் அவற்றின் ஓட்டுநர்களையும் அடித்துச் சென்றது. அதைப் பற்றிய பாட்டு அந்த மலைநாட்டில் இன்னும் பாடப்படுகிறது. நாங்கள் சென்றபோதோ ஆறு கணுக்காலளவு தெளிந்து, கூழாங்கற்களின் மேல் சலசலத்துக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கில் இலவமரங்கள் இலையின்றிச் செக்கச் செவேலெனப் பூத்திருந்தன.

பெரியவரின் கிராமம் வழியிலேயே மேட்டில் இருந்தது. முப்பது வீடுகளில் புகை வந்தது நான்கில். மற்ற வீடுகளின் கதவுகளில் பூட்டு. சில வீடுகளில் பூட்டும் இல்லை, கூரையும் இல்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பவுரி மாவட்டத்தின் மக்கள்தொகை பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அந்தச் செய்தியை முன்பு நாமே ஓர் அறிக்கைக்காகத் தமிழில் எழுதியிருக்கிறோம். எழுதியபோது அது ஒரு வரி. பெரியவர் தம் வீட்டைத் திறந்து, விளக்கு மாடத்தின் தூசியைத் துண்டால் துடைத்துவிட்டு வெளியே வந்தார். “பையன் நொய்டாவில். பேரன் பெங்களூரில். உங்கள் ஊர்ப்பக்கம் வந்துவிட்டான், புலா” என்று சிரித்தார். கட்வாலியில் ‘புலா’ என்றால் தம்பி. அண்ணனைப் ‘பைஜி’ என்பார்கள். அலுவலகத்தில் ‘சார்’ என்று அழைத்தவரை அந்த முற்றத்திலிருந்து நாம் பைஜி என்றே அழைக்கலானோம்.

நயார் கங்கையில் கலக்குமிடம் வியாஸ்காட். அங்கே தேநீர்க் கடைக்காரர் ஒருவரின் மாடியறையில் மூன்று இரவுகள் தங்கினோம். இரவில் கேழ்வரகு ரொட்டியும் ‘கஹத்’ என்ற பருப்பும் கிடைத்தன. கஹத் வேறொன்றுமில்லை, நம் கொங்குநாட்டுக் கொள்ளேதான். பவானிக் கரையின் கொள்ளும் கேழ்வரகும் கங்கைக் கரையில் தட்டில் வந்து விழுந்ததைப் பார்த்து நாம் இரண்டு ரொட்டி அதிகமாகவே உண்டோம்.

மறுநாள் விடியலில் பைஜி நம்மைக் கோலைத் தொடவிடவில்லை. பாறையொன்றின் மேல் உட்கார வைத்து ஒரு மணி நேரம் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. கங்கை பனியுருகி வருவது. நீலப்பச்சை நிறம், கை வைத்தால் விரல் மரத்துப்போகும் குளிர். நயாருக்குப் பனிமலைத் தொடர்பு இல்லை. ஊற்றும் மழையும் தந்த நீர், தெளிவும் சற்று வெதுவெதுப்பும் உடையது. இரண்டும் சேர்ந்த பிறகும் சிறிது தூரம் கலவாமல், இடையில் ஒரு கோடு கிழித்தாற்போல ஓடுகின்றன. “அந்தக் கோடுதான் அவனுடைய தெரு. குளிரில் நின்றுகொண்டு வெதுவெதுப்பில் வரும் சிறுமீனுக்காகக் காத்திருப்பான். மழை தொடங்கினால் முட்டையிட நயாருக்குள் ஏறிப்போவான். அதுவரை இந்த வாசலில்தான் காவல்” என்றார் பைஜி. ஏறிப்போகும் தாய்மீன்களைத் ‘அவன்’ என்று சொல்லலாமா என்று நாம் இலக்கணம் கேட்டோம். பெண்மீனே பெரிதாக வளர்கிறது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் கடைசிவரை ‘அவன்’தான்.

மஹ்சீரின் தாடையில் பல் கிடையாது. தடித்த உதடும் நான்கு மீசையுமாகச் சாதுவைப் போலத்தான் முகம். பற்கள் தொண்டைக்குள்ளே இருக்கின்றன. நத்தையோட்டையும் நண்டையும் அங்கேதான் நொறுக்குகிறது. கரையிலிருந்து விழும் பழம், பாசி, பூச்சி, சிறுமீன் எதையும் உண்ணும். தூண்டிற்காரர் பயன்படுத்துவது, பெரும்பாலும், கரண்டியின் குழியைப் போன்ற பளபளப்பான ஓர் உலோகத் தகடு. ஓட்டத்தில் இழுத்து வரும்போது அது புரண்டு புரண்டு மின்னுவதைக் காயம்பட்ட சிறுமீன் என்று மஹ்சீர் எண்ணுகிறது. இவ்வகைத் தூண்டிலைப் பற்றி 1873-இலேயே ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் எழுதிய தாமஸ் என்பவர் சென்னை மாகாண சிவில் உத்தியோகஸ்தர். உத்தியோக நேரத்தில் எழுதினாரா, ஓய்வு நேரத்தில் எழுதினாரா என்று கேட்க நமக்கு ஆசை.

பைஜியின் தகட்டில் தொங்கிய முள்ளை எடுத்துப் பார்த்தோம். சாதாரண முள்ளில் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி ஒரு சிறு கூர் இருக்கும்; குத்திய வாயிலிருந்து முள் கழன்றுவிடாமல் பற்றிக்கொள்வது அதுதான். இவர் அந்தக் கூரைக் குறட்டால் நசுக்கி மழுக்கியிருந்தார். “அப்படியானால் மீன் தப்பிவிடுமே?” என்றோம். “நூல் தளர்ந்தால் தப்பிவிடும். தளரவிடாதே” என்றார். அனுமதிச் சீட்டிலும் மீனைத் திரும்ப விடவேண்டும் என்றே நிபந்தனை இருந்தது. ஆனால் இவர் கூரை மழுக்கத் தொடங்கியது, சீட்டில் அந்த வரி சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பு.

முதல்நாள் முழுவதும் வீசினோம். ஒன்றும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘மஸ்கி’ என்றொரு பெரிய ஏரிமீன் உண்டு. பத்தாயிரம் முறை வீசினால் ஒரு முறை அகப்படும் என்று அங்கே அதற்குப் பெயர். இதைப் பைஜியிடம் சொன்னோம். “பத்தாயிரம்தானா? நல்ல மீன்” என்றார். தோள் வலித்தது, விரலில் நூல் அறுத்துக் கோடு விழுந்தது. எதிர்க்கரையில் விராலடிப்பான் ஒன்று, முதல் பாய்ச்சலிலேயே ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போனது நம்மைக் கேலி செய்வது போலிருந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே கழிந்து, மலைநிழல் ஆற்றில் விழுந்த நேரம். எத்தனையாவது வீச்சு என்று எண்ணுவதை விட்டிருந்தோம். மனம் தில்லியில், முடிக்காமல் வந்த ஒரு கோப்பில் இருந்தது. திடீரென்று தகடு பாறையில் சிக்கியது போல நின்றது. நாம் இழுத்தோம். பாறை நகர்ந்தது.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்ல ஆகும் நேரத்தில் பாதிகூட அது நடக்க ஆகவில்லை. கோல் வளைந்து நுனி நீரைத் தொட்டது. சக்கரம் கதறிக்கொண்டு நூலை விட்டது. மீன் ஓட்டத்தோடு கீழ்நோக்கி, வெண்ணுரையெழும் பாறைச் சரிவை நோக்கி ஓடிற்று. மஹ்சீரின் முதல் ஓட்டத்தைத் தடுக்க முயலக்கூடாது; சக்கரத்திலுள்ள திருகு, நூலைக் குறிப்பிட்ட இறுக்கத்தோடு நழுவவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது; ஓடவிட்டுக் கூடவே கரையோரம் நடக்க வேண்டும். இதையெல்லாம் பைஜி நமக்குப் பத்துத் தடவை சொல்லியிருந்தார். இப்போதும் பின்னாலிருந்து, “விடு, புலா, விடு! ஓடட்டும்!” என்று கத்தினார். நம் காதில் விழுந்தது. ஆனால் நூல் தீர்ந்துபோகிறதே என்ற அச்சம் கையில் இருந்தது. இடது உள்ளங்கையால் சுழலும் சக்கரத்தை இறுகப் பிடித்தோம்.

துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஒலி. கோல் நிமிர்ந்துவிட்டது. இருபத்தைந்து இராத்தல் தாங்கும் நரம்பு, முடிச்சுக்கருகே அறுந்து காற்றில் ஆடிற்று. அதற்குள் சற்றுத் தொலைவில் நீரின்மேல் ஒரு முதுகு புரண்டது. மாலை வெளிச்சத்தில் ஒவ்வொரு செதிலும் தனித்தனியே தெரிந்தது. பிறகு ஆறு மட்டும் இருந்தது.

மீன் போனதைப் பற்றி நமக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த நொடியில் தோன்றிய எண்ணம் வேறு. தகடும் முள்ளும் அதன் வாயிலேயே இருக்கின்றன. விட்டுவிடத்தான் வந்தோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, ஓர் உயிரின் வாயில் இரும்பைப் பூட்டி அனுப்பிவிட்டோம். பைஜி வந்து நம் கையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கை உராய்ந்து தோலுரிந்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் சொல்லாமல் பாறையில் உட்கார்ந்து பீடி ஒன்றைப் பற்றவைத்தார். வெகுநேரம் கழித்துத்தான், “கூர் மழுங்கிய முள். நூலின் இழுப்பு இல்லையல்லவா, பாறையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் கழற்றிவிடுவான். நாளையே கழற்றியிருப்பான்” என்றார். நம்மைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று கேட்க நாக்கு எழவில்லை. கூரை ஏன் மழுக்க வேண்டும் என்று முதல்நாள் நாம் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. அது தேர்ந்தவனின் கைக்காக அல்ல, நம்மைப் போன்றவனின் கைக்காக.

அன்றிரவு அவர் அதிகம் பேசினார். அவர் சிறுவனாயிருந்தபோது, ஆடி ஆவணியில் நயாருக்குள் ஏறிவரும் மீன்களின் முதுகுகள் நீருக்கு வெளியே தெரியுமாம். பிறகு சாலை வெட்ட வந்த வெடிமருந்து, மீன் பிடிக்கவும் பயன்படலாயிற்று. ஒரு வெடியில் தாயும் குஞ்சும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். அதற்குப் பின் வெளுப்புத் தூள். அதற்குப் பின் மின்கம்பியிலிருந்து கொக்கி போட்டு எடுத்த மின்சாரம். மேலே பாகீரதியில் டெஹ்ரி அணை 2006-இல் இயங்கத் தொடங்கிற்று. கீழே ரிஷிகேசத்தருகே தடுப்பணை. மஹ்சீர் மெல்ல வளரும் மீன். முட்டைகளையும் ஒரேயடியாக இடாமல் தவணை தவணையாக இடுவது. மணலும் கூழாங்கல்லும் உள்ள தெளிந்த கிளையாறு அதற்குப் பிள்ளைப்பேற்று அறை. கிளையாற்றின் கரையில் லாரிகள் இறங்கி மணலையும் கல்லையும் அள்ளும்போது அந்த அறையும் போய்விடுகிறது. மகாராஷ்டிரத்தில் லோனாவ்லாவிலும், இவர் மாநிலத்திலேயே பீம்தாலிலும் மஹ்சீர்க் குஞ்சுகளைப் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள் என்று நாம் வெளியீட்டில் படித்ததைச் சொன்னோம். “நல்ல காரியம். ஆனால் குஞ்சை வளர்த்துக் கொடுத்தால் போதுமா? ஊர் வேண்டாமா?” என்றார். மீனைப் பற்றித்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டோம்.

அவருடைய வலது கை நடுங்குவதை அந்த விளக்கொளியில்தான் கவனித்தோம். “டாக்டர் பெயர் ஒன்று சொன்னார். மாத்திரை இருக்கிறது. கோல் வீச இன்னும் ஒரு பருவம், இல்லாவிட்டால் இதுவே” என்றார். வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை நாம் கோலெடுக்கவில்லை. பைஜி மட்டும் வீசினார். நடுங்கும் கை, கோலைப் பின்னே கொண்டுபோகும்வரை நடுங்கிற்று. வீசும் நொடியில் நின்றுவிட்டது. எட்டு மணியளவில் மீன் பற்றிற்று. அவர் எதையும் இறுக்கவில்லை. அது ஓடியபோது ஓடவிட்டார். நின்றபோது இரண்டு சுற்றுச் சுற்றினார். மீண்டும் ஓடியபோது கூழாங்கற்களில் மெல்ல நடந்து அதன் பின்னே போனார். இருபது நிமிடத்துக்கு மேலாயிற்று. கரையோரத்து ஆழமற்ற நீருக்குள் அது வந்து சாய்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. “என்னால் குனிய முடியாது, புலா. நீ இறங்கு. கையை நனைத்துக்கொள். உலர்ந்த கை பட்டால் அவன் மேல்தோல் கெட்டுவிடும். வெளியே தூக்காதே” என்றார்.

இறங்கினோம். ஒரு கையை வயிற்றின் கீழும், ஒரு கையை வாலின் அடிக்கட்டிலும் கொடுத்தோம். ஏறத்தாழ நம் கையளவு நீளம். முள், உதட்டோரத்தில் இலேசாகத் தொற்றிக்கொண்டிருந்தது; விரலால் அசைத்த மாத்திரத்தில் கழன்று வந்துவிட்டது. அப்போதுதான், முன்தினம் மாலை பைஜி சொன்னது தேறுதல் மட்டுமன்று என்று நமக்கு நம்பிக்கை வந்தது. தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருக்க வேண்டும், செவுளுக்குள் நீர் புகுந்து மூச்சுத் திரும்ப வேண்டும். களைத்த மீனை உடனே கைவிட்டால் புரண்டு போய்ப் பாறையில் மோதிச் செத்துவிடும். ஆகவே பிடித்துக்கொண்டு நின்றோம். அளக்கவில்லை, நிறுக்கவில்லை. செதில்கள் ஒவ்வொன்றும் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரியவை. விளிம்பில் பொன், நடுவில் செம்பு. கை விறைத்துப் போயிற்று. செவுள் திறப்பதும் மூடுவதும் மெதுவாக ஒழுங்குபட்டது. உள்ளங்கையில் தோலுரிந்த இடத்தில் குளிர்நீர் எரிந்தது. எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. பிறகு, தூங்கும் குழந்தை மடியில் உடம்பை முறுக்கினாற்போல் ஓர் அசைவு. வால் ஒருமுறை நம் மணிக்கட்டில் அடித்தது. கை வெறுமையாயிற்று.

திரும்பிப் பார்த்தோம். பைஜி கோலின் மூட்டுகளைக் கழற்றித் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். காலை எட்டரை மணிதான் ஆகியிருந்தது.

வியாஸ்காட்டில் கைப்பேசிக்குச் சரியாக அலை கிடைப்பதில்லை. கங்கையின் இடக்கரைச் சாலை வழியே தேவப்ரயாகைக்குப் போய்த்தான் வீட்டுக்குப் பேச முடிந்தது. பெரியாழ்வார் பாடிய ‘கண்டமென்னும் கடிநகர்’ அந்த ஊரே என்பது வைணவர்களின் மரபு. அலகநந்தையும் பாகீரதியும் கலக்கும் படித்துறைக்கு மேலே நின்றுகொண்டு, சத்தியமங்கலத்திலுள்ள அம்மாவை அழைத்தோம். ஆற்றைப் பற்றிச் சொன்னோம், மீனைப் பற்றிச் சொன்னோம். பெரிய செதில், மீசை, பொன்னிறம் என்று அடையாளங்களை அடுக்கிக்கொண்டே போனோம்.

“பொம்மீனத்தான சொல்ற, கண்ணு?” என்றார் அம்மா. “உங்க தாத்தா மோயாத்துப் பக்கம் போனா அதப் பாத்துட்டுத்தான் வருவாரு. டேம் கட்டுனதுக்கப்புறம் அந்தப் பக்கம் போறதையே உட்டுட்டாரு. சாப்ட்டயா?”

பவானிசாகர் அணை கட்டி முடிந்தது 1955-இல். மோயாறு அந்த நீர்த்தேக்கத்தில்தான் வந்து சேர்கிறது. திமில் மஹ்சீர் இன்றும் எஞ்சியிருப்பதாக 2018-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் உறுதி செய்த ஆறுகளுள் அந்த மோயாறும் ஒன்று. பைஜியிடம் சொல்லிக் கொடுத்தோம். “பொம்மீன், பொம்மீன்” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். உச்சரிப்பில் குறை காண ஒன்றும் இல்லை.

தில்லி திரும்பியதும் அந்த வெளியீட்டின் அச்சுப்படியைக் கேட்டு வாங்கி, காவிரி மீனைப் பற்றிப் பேசும் பக்கங்களில் ‘மஹ்சீர்’ என்பதையடுத்து ‘பொம்மீன்’ என்று சேர்த்தோம். இந்தச் சொல்லுக்கு ஆதாரம் எந்த அகராதி என்று விளிம்பில் ஒரு வினாக்குறியுடன் படி திரும்பி வந்தது. ‘வழக்கு: பவானி, மோயாற்றுப் பகுதி’ என்று எழுதி மீண்டும் அனுப்பினோம். அப்படியே அச்சாயிற்று.

சூலை மாதத்தில் ஒருநாள் மாலை பைஜி தொலைபேசியில் அழைத்தார். கோலை இனி நாமே வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு குரலை உயர்த்தி, பின்னணியில் ஏதோ பேரிரைச்சல் கேட்கக் கேட்க, மூன்று நாளாக நல்ல மழை, நயார் கலங்கி ஏறிவிட்டது, பாலத்தின் மேல் நிற்கிறேன், கீழே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மேலே போய்க்கொண்டுதான் இருப்பார்கள் என்றார்.